தக்காளி கெடுவது சவ்வில் தொடங்குகிறது

ஒட்டன்சத்திரம் காந்தி காய்கறி மார்க்கெட்டுக்குக் கொடைக்கானல் மலையிலிருந்து கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இறங்கி வருகின்றன. கீழே சமவெளியிலிருந்து தக்காளி, கத்தரி, வெண்டை, முருங்கை, வெள்ளரி வந்து சேர்கின்றன. இரண்டும் ஒரே மண்டியில் எடை போடப்பட்டுக் கேரளாவுக்கு லோடு ஏறுகின்றன. அவற்றை ஒரே குளிர் அறையில், 5 டிகிரி செல்சியஸில் பத்து நாள் வைத்து வெளியே எடுத்தால் வேறுபாடு தெரியும். மலைக்காய்கள் வைத்தது வைத்தபடி இருக்கும். வெள்ளரியின் தோலில் சிறு சிறு குழிகள் விழுந்து நீர் கசியும். செங்காயாக உள்ளே போன தக்காளி வெளியே வந்த பிறகும் ஒழுங்காகச் சிவக்காது. திட்டுத் திட்டாக நிறம் ஏறும், பழுக்கும் முன்பே அழுகல் பிடிக்கும்.

இதில் பயிரிட்டவர் மேலும் குற்றமில்லை, பதம் பார்த்துப் பறித்தவர் மேலும் குற்றமில்லை. காரணம் அந்தக் காயின் கொழுப்பில் இருக்கிறது. தக்காளியில் ஏது கொழுப்பு என்று கேட்கத் தோன்றும். கையில் ஒட்டுகிற கொழுப்பு அதில் இல்லைதான். ஆனால் உயிருள்ள செல் எதுவானாலும் அதற்கு எல்லை வகுப்பது லிப்பிடு எனப்படும் கொழுப்பு வகை மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நின்று உருவாக்கும் சவ்வு. அதன் தடிமன் 4, 5 நானோமீட்டர்தான். செல்லின் உள்ளேயும் மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிகம், வாக்குவோல் என்று ஒவ்வொரு அறையையும் இத்தகைய சவ்வுகளே பிரித்து வைத்திருக்கின்றன.

பள்ளிப் புத்தகத்தில் இந்தச் சவ்வு வேலியாக மட்டும் அறிமுகமாகிறது. எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று பார்ப்பது அதன் வேலை என்று படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதைவிடப் பெரிய வேலை ஒன்று அதற்கு உண்டு. எந்த நொதி இயங்க வேண்டும், எவ்வளவு வேகத்தில் இயங்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதை முடிவு செய்வதில் சவ்வின் கொழுப்புக்குப் பெரும் பங்கு இருக்கிறது. பழநி மலைகளின் மழை மறைவில் கிடக்கும் திண்டுக்கல் சமவெளியில் ஒரு செடி வெயிலைத் தாங்குவதும், பறித்த காய் லாரியிலேயே குழைந்துபோவதும் இந்தப் பங்கைப் பொறுத்தவை.

மார்கழி காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து நிற்கும், பக்கத்திலிருக்கும் நல்லெண்ணெய் உறையாது. தேங்காய் எண்ணெயில் இருப்பவை பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள். அவற்றின் கார்பன் சங்கிலி நேராக இருப்பதால் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கிக்கொள்ளும். நல்லெண்ணெயின் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்பு வரும் இடத்தில் சங்கிலி வளைந்திருக்கும்; நெருங்கி அடுக்க முடியாது. 18 கார்பன் கொண்ட நான்கு அமிலங்களை எடுத்துக்கொள்வோம். இரட்டைப் பிணைப்பே இல்லாத ஸ்டீரிக் அமிலம் 69 டிகிரியில்தான் உருகும். ஒரு பிணைப்பு உள்ள ஒலியிக் அமிலம் 13 டிகிரியில் உருகிவிடும். இரண்டு உள்ள லினோலியிக் அமிலத்துக்கு அது மைனஸ் 5, மூன்று உள்ள லினோலெனிக் அமிலத்துக்கு மைனஸ் 11. செல் சவ்வின் லிப்பிடுகளுக்கு வால் போல் அமைந்திருப்பவை இதே கொழுப்பு அமிலங்கள்தான். எந்த வால் எவ்வளவு என்பதைப் பொறுத்துச் சவ்வு இளகியிருக்கும் அல்லது இறுகும்.

சவ்வு இறுகினால் அதில் பதிந்திருக்கும் நொதிக்கு என்ன ஆகும்? 1970-இல் ஜேம்ஸ் லயன்ஸ், ஜான் ரெய்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆறு விளைபொருள்களிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுத்து, வெப்பநிலையைப் படிப்படியாகக் குறைத்து, அவை ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வேகத்தை அளந்தார்கள். தக்காளி, வெள்ளரி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒரு பக்கம். காலிஃபிளவர், உருளைக்கிழங்கு, பீட்ரூட் இன்னொரு பக்கம். நம்மூர் மண்டியில் சமவெளிச் சரக்கு, மலைச் சரக்கு என்று பிரிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். இரண்டாம் கூட்டத்தில் வேகம் 25 டிகிரியிலிருந்து 1.5 டிகிரி வரை ஒரே சீராகக் குறைந்தது. முதல் கூட்டத்தில் 9 முதல் 12 டிகிரி வரை சீராகக் குறைந்து, அந்த இடத்தில் சட்டென்று சரிந்தது. வெப்பம் குறையும்போது எந்த வேதிவினையும் மெதுவாகும் என்பது மட்டும் காரணமாக இருந்தால் கோடு அங்கே முறிந்திருக்காது. சுவாச நொதிகள் பதிந்திருக்கும் சவ்வின் கொழுப்பு அந்த வெப்பநிலையில் நிலை மாறுகிறது, அதனால் நொதிகளின் போக்கும் மாறுகிறது என்று அவர்கள் சொன்னார்கள். எங்கோ ஒரு ஆய்வகத்தில் வரைந்த அந்தக் கோடு திண்டுக்கல் விவசாயிக்கு எழுதிய கடிதம் போலவே எனக்குத் தோன்றுகிறது.

மொத்தச் சவ்வும் ஒரே நொடியில் உறைகிறது என்று அதற்குப் பொருளில்லை. சவ்வில் பல வகை லிப்பிடுகள் கலந்திருக்கின்றன. அவற்றில் ஒரு சிறு பகுதி இறுகினாலே தொல்லை வந்துவிடும். ஜப்பானின் நோரியோ முராட்டா பசுங்கணிகச் சவ்வில் உள்ள பாஸ்பாட்டிடில்கிளிசரால் என்ற ஒரு லிப்பிடைக் குறிவைத்தார். அதன் வால்கள் நிறைவுற்றவையாக இருக்கும் தாவரங்கள் குளிருக்கு எளிதில் பாதிப்படைவதை அவரது குழு கண்டது. அந்த வால்களைத் தேர்ந்தெடுத்துப் பொருத்துவதும் ஒரு நொதிதான். அந்த நொதிக்கான பூசணி வகை ஒன்றின் மரபணுவைப் புகையிலைக்குள் செலுத்தினார்கள். புகையிலை குளிரைத் தாங்க முடியாமல் தவித்தது. அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் மரபணுவைச் செலுத்தியபோது தாங்கும் திறன் கூடியது. 1992-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த முடிவு இது. நொதி கொழுப்பைத் தீர்மானிக்கிறது, அந்தக் கொழுப்பு மற்ற நொதிகளைத் தீர்மானிக்கிறது.

இறுகுவதும் இளகுவதும் தவிர வேறு வழிகளிலும் லிப்பிடுகள் நொதிகளை ஆள்கின்றன. வேர் செல்லின் வெளிச் சவ்வில் புரோட்டான்களை வெளியே தள்ளும் நொதி ஒன்று இருக்கிறது. மண்ணிலிருந்து பொட்டாசியத்தையும் நைட்ரேட்டையும் செல் இழுத்துக்கொள்வதற்கான விசையை உண்டாக்குவது இதுவே. செல்லின் ஆற்றலில் பெரும் பங்கைத் தின்று தீர்ப்பதும் இதுவே. ஓட்ஸ் வேரிலிருந்து இந்த நொதியைப் பிரித்து அதைச் சூழ்ந்திருந்த லிப்பிடுகளை உரித்தெடுத்தால் அது செயலற்றுப் போகிறது. லிப்பிடுகளைத் திரும்பச் சேர்த்தால் மறுபடி இயங்குகிறது. வால் ஒன்றை இழந்த லிப்பிடு ஒன்று வந்து சேர்ந்தால் இன்னும் வேகமாக இயங்குகிறது. 1980-களின் கடைசியில் மைக்கேல் பாம்கிரன் முதலியோர் இதைச் செய்து காட்டினார்கள். உரம் எவ்வளவு போட்டாலும் அதை உள்ளே இழுக்கும் விசை சவ்வின் கொழுப்பைச் சார்ந்திருக்கிறது என்பதை நம் வேளாண்மைப் பேச்சில் அதிகம் கேட்க முடிவதில்லை.

வேடசந்தூர்ப் பக்கம் சித்திரை மாத உச்சி வெயிலில் நிற்கும் முருங்கை இலையைப் பாருங்கள். அதற்குக் கிடைக்கும் ஒளி அதன் தேவைக்கு மிக அதிகம். மிஞ்சிய ஒளி ஆற்றலை வெப்பமாக மாற்றி வெளியேற்றாவிட்டால் பசுங்கணிகம் கருகிப்போகும். இதற்காக வயலாசாந்தின் என்ற மஞ்சள் நிறமியை சியாசாந்தினாக மாற்றும் நொதி ஒன்று இலைக்குள் காத்திருக்கிறது. ஒளி மிகும்போது பசுங்கணிகத்தின் உட்பைகளில் அமிலத்தன்மை ஏறுகிறது, நொதி போய்ச் சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினால் மட்டும் போதாது. கேலக்டோஸ் சர்க்கரை ஒன்றைத் தலையில் சுமந்த ஒரு லிப்பிடு அங்கே இருக்க வேண்டும். அந்தச் சவ்வின் லிப்பிடுகளில் ஏறக்குறையப் பாதி இதுதான். தலை சிறிதும் வால்கள் அகன்றும் இருப்பதால் இது தட்டையாகப் படிய விரும்பாது. சவ்வில் வளைவுகளை உண்டாக்கும். அந்த வளைவுகளில்தான் நிறமி நொதியின் கைக்கு எட்டுகிறது. சோதனைக் குழாயில் இந்த லிப்பிடு இல்லாமல் நொதியையும் நிறமியையும் சேர்த்து வைத்தால் மாற்றம் சரியாக நடப்பதே இல்லை.

தானே செய்தியாக மாறிவிடும் லிப்பிடு ஒன்றும் உண்டு. இக்கட்டுரையில் முக்கியமானது அதுதான். அதன் கதை கேரட்டில் தொடங்குகிறது. 1947-இல் கலிபோர்னியாவில் டொனால்டு ஹனஹன், சைக்காஃப் இருவரும் கேரட் சாற்றில் ஒரு புதிய நொதியைக் கண்டார்கள். சவ்வின் பாஸ்போலிப்பிடுகளில் தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் நொதி அது. அடுத்த ஆண்டே முட்டைக்கோஸிலும் அதைப் பார்த்தார்கள். பாஸ்போலைபேஸ்-டி என்று இப்போது அழைக்கப்படுவது அதுவே. ஆய்வகங்கள் பல காலம் முட்டைக்கோஸிலிருந்து எடுத்த நொதியையே விலைக்கு வாங்கிப் பயன்படுத்தின. 1994-இல் அமெரிக்காவில் ஷுவேமின் வாங் குழுவினர் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தது எதிலிருந்து தெரியுமா? நம் கடலைக்காட்டு வரப்புகளில் நிற்கும் ஆமணக்கிலிருந்து.

தலை வெட்டப்பட்ட லிப்பிடுக்குப் பாஸ்பாட்டிடிக் அமிலம் என்று பெயர். சாதாரண நேரத்தில் சவ்வில் இது மிகக் குறைவு. மழை தப்பி மண் காயும்போது செடியில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடுகிறது. அது பாஸ்போலைபேஸ்-டியைத் தூண்ட, சவ்வில் பாஸ்பாட்டிடிக் அமிலம் பெருகுகிறது. இலைத்துளைகளை மூடவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கும் நொதி ஒன்று உண்டு. அதன் பெயர் ஏபிஐ1. புதிதாகப் பிறந்த பாஸ்பாட்டிடிக் அமிலம் அந்த நொதியைப் பற்றிச் சவ்வோடு கட்டிப்போட்டு அதன் செயலைக் குறைக்கிறது. தடை விலகியதும் இலைத்துளை மூடுகிறது, செடி நீரைக் காப்பாற்றிக்கொள்கிறது. 2004-இல் வாங் குழு இதை விளக்கியது. பாஸ்போலைபேஸ்-டி குறைக்கப்பட்ட செடிகளின் இலைகள் சீக்கிரமே நீரை இழந்து வாடுவதை அதற்கு முன்பே அவர்கள் கண்டிருந்தார்கள். மானாவாரி நிலத்தில் நிலக்கடலைச் செடி மதியம் சுருங்கி மாலையில் நிமிர்வதை ஒவ்வொரு விவசாயியும் பார்த்திருப்பார். அந்தத் தாக்குப்பிடிப்பில் சவ்வின் கொழுப்பு அனுப்பும் இந்தச் செய்திக்கும் பங்குண்டு.

இந்த நொதியைக் கட்டுப்படுத்துவதும் சவ்வுதான். செல் திரவத்தில் கால்சியம் வெளியில் இருப்பதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. வெளிக் கால்சியம் உள்ளே கசிந்தால் பாஸ்போலைபேஸ்-டி சவ்வில் போய் ஒட்டி வெட்டத் தொடங்குகிறது. இதன் வகைகளில் சிலவற்றுக்குச் சவ்வில் ஒரு விழுக்காடுகூட இல்லாத இன்னொரு பாஸ்போலிப்பிடின் துணையும் வேண்டும். அது இல்லாவிட்டால் அவை அசையாது. உயிரோடு நிற்கும் செடியில் சவ்வு உறுதியாக இருக்கும், கால்சியம் அளவோடு கசியும், நொதியும் அளவோடு வெட்டும்.

காயைப் பறித்தபின் அந்த அளவு தப்புகிறது. வேரிலிருந்து நீர் வருவது நின்றுபோகிறது. பெட்டியில் அமுங்குகிறது, லாரியில் அடிபடுகிறது, பழுப்பதற்கான எத்திலீன் சுரக்கிறது. சவ்வு நலிந்து கால்சியம் கசிய, பாஸ்போலைபேஸ்-டி வெட்டத் தொடங்குகிறது. வெட்டப்பட்ட லிப்பிடை அடுத்த நொதி சிதைக்கிறது. அதற்கடுத்தது வால்களைக் கழற்றுகிறது. லிப்பாக்சிஜனேஸ் என்ற நொதி அந்த வால்களை ஆக்சிஜனோடு சேர்த்துப் பெராக்சைடாக்குகிறது. ஒவ்வொரு படியிலும் சவ்வு இன்னும் ஓட்டையாகிறது, கால்சியம் இன்னும் கசிகிறது, முதல் நொதி இன்னும் வேகமாக வெட்டுகிறது. வறட்சியில் செடியைக் காத்த அதே நொதி, பறித்த காயில் அழிவுக்கு வாசல் திறந்துவிடுகிறது. 1997-இல் வாங் குழுவினர் அராபிடாப்சிஸ் செடியில் இந்த நொதியை அடக்கி, பறித்த இலைகளை ஹார்மோன்களுக்கு உட்படுத்திப் பார்த்தார்கள். சாதாரண இலைகள் மஞ்சளாகிச் சாக, அடக்கப்பட்டவை அதிக நாள் பச்சையாகவே இருந்தன.

சவ்வு உடைந்தால் நொதிகள் கட்டவிழ்வதைச் சமையலறையிலேயே காணலாம். கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் சில நிமிடத்தில் வெட்டுப் பகுதி பழுப்பாகிறது. பழுப்பாக்கும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் நொதி செல்லில் ஓர் அறையிலும் அது வேலை செய்யும் ஃபீனால் பொருள்கள் வாக்குவோலிலும் தனித்தனியே அடைபட்டிருந்தன. கத்தி அந்தச் சவ்வுகளைக் கிழித்ததும் இரண்டும் சந்தித்துவிட்டன. காற்றிலிருக்கும் ஆக்சிஜனைத் தடுக்கத்தான் நறுக்கிய காயை நீரில் போடுகிறோம். ஃப்ரிட்ஜில் வைத்த வாழைப்பழத்தின் தோல் கறுப்பதும் இதே கதைதான். அங்கே கத்திக்குப் பதில் குளிர் சவ்வைக் கெடுக்கிறது. வாழைக்காய்க்கு 13 டிகிரிக்குக் கீழே போனாலே இந்த ஆபத்து உண்டு. புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழைக்கும் பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு வேண்டிய விருப்பாட்சி வாழைக்கும் குளிர் அறை கட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை டிகிரி என்பதுதான்.

குளிரை மட்டும் நம்பாமல் முதல் நொதியையே தடுத்தால் என்ன? கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் கோபிநாதன் பாலியத் அந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் துரத்தினார். கிடைத்த விடை ஹெக்ஸனால். ஆறு கார்பன் கொண்ட எளிய பொருள் இது. புல் வெட்டும்போது எழும் பச்சை வாசனையில் இதற்கும் பங்குண்டு. தாவரங்கள் இதைச் சவ்வின் லினோலியிக் அமிலத்திலிருந்தே உண்டாக்குகின்றன. வெளியிலிருந்து தெளித்தால் இது பாஸ்போலைபேஸ்-டியின் செயலைக் குறைக்கிறது.

இது ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. கனடா அரசின் நிதியுதவியுடன் 2012-இல் தொடங்கிய திட்டத்தில் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், குவெல்ஃப் பல்கலைக்கழகமும், கொழும்பின் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகமும் கைகோத்தன. கோவையில் கே. எஸ். சுப்பிரமணியனும் குவெல்ஃபில் ஜெயசங்கர் சுப்பிரமணியனும் பணியை நடத்தினார்கள். கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் அறுவடைக்கு முன்பே மரத்தில் ஹெக்ஸனால் கலவையைத் தெளித்தபோது காய் பழுப்பது இரண்டு, மூன்று வாரம் தள்ளிப்போனது. எல்லாத் தோப்பிலும் ஒரே வாரத்தில் பழுத்து விலை சரிவதைத் தாங்கிப் பழகிய விவசாயிக்கு அந்த மூன்று வாரம் என்ன மதிப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை. வாழைநாரில் செய்த காகிதத்தில் ஹெக்ஸனாலை ஏற்றிப் பழங்களைச் சுற்றும் முறையும் இத்திட்டத்தில் உருவானது.

நத்தம் பகுதி மாங்காய்க்கும் அய்யலூர்ச் சந்தைக்கு வரும் தக்காளிக்கும் இது உரியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வரத்து கூடும் வாரத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டுபடியாகாமல் தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவது திண்டுக்கல் மாவட்டத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒரு வாரம் காயைத் தள்ளிவைக்க முடிந்தால் அதில் பாதித் துயரம் தீரும். தீர்வு கேட்கும்போதெல்லாம் குளிர்பதனக் கிட்டங்கி கட்டிக்கொடுங்கள் என்ற குரல்தான் எழுகிறது. கிட்டங்கி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கேரட்டுக்கும் முட்டைக்கோஸுக்கும் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிர் நல்லது. பச்சைத் தக்காளிக்கு 12 முதல் 15 டிகிரி, மாங்காய்க்கு 13, வெள்ளரிக்கும் கத்தரிக்கும் 10-க்குக் குறையாமல் வேண்டும். ஒரே அறையில் எல்லாவற்றையும் அடுக்கி ஒரே எண்ணில் திருகி வைக்கும் கிட்டங்கி விவசாயியின் சரக்கைக் காப்பாற்றாது, மெதுவாகக் கெடுக்கும்.

இந்த எண்கள் பொதுவானவை. நம் ரகங்களுக்கு, அதிலும் முருங்கைக்கும் விருப்பாட்சி வாழைக்கும், நாமே அளந்து எண் சொல்ல வேண்டும். அதற்குப் பெரிய கருவி தேவையில்லை. வெவ்வேறு வெப்பநிலையில் வைத்த காயிலிருந்து சிறு வட்டங்களாகச் சதையை வெட்டிக் காய்ச்சி வடித்த நீரில் போட வேண்டும். சில மணி நேரம் கழித்து அந்த நீரின் மின்கடத்துதிறனை அளக்க வேண்டும். பிறகு அதைக் கொதிக்கவைத்து, ஆறியதும் மீண்டும் அளக்க வேண்டும். முதல் அளவு இரண்டாவதில் எத்தனை விழுக்காடோ, அவ்வளவுக்குச் சவ்வு ஓட்டையாகியிருக்கிறது என்று அறியலாம். எந்த டிகிரியில் அந்த விழுக்காடு தாவுகிறதோ, அதற்கு மேலேதான் அந்தக் காயை வைக்க வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் சாதாரணக் கடத்துதிறன் மீட்டரே போதும். காந்திகிராமத்திலும் மாவட்டத்தின் மற்ற கல்லூரிகளிலும் பக்கத்துத் தேனி மாவட்டத்தின் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலும் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதை மாணவர்களின் ஆய்வுத் திட்டமாக எடுக்க வேண்டும். வரும் முடிவுகளைத் தமிழில் அச்சிட்டு மண்டிகளின் சுவரில் ஒட்ட வேண்டும்.